ஒரு சீ.ஆர். கொப்பிக்கு நன்றி

கை கொடுத்த எல்லோருக்கும், எல்லோருக்கும் முதலாகத் தெஹிவளை சேருக்கும்,

வணக்கம்.

அந்த வெள்ள வாரத்தைப் பற்றி இங்கே எழுதவில்லை. இதை வாசிக்கப்போகிறவர்களில் பாதிப்பேர் முழங்கால் தண்ணீரில் நின்று கணினிப் பெட்டிகளை மேல்மாடிக்கு ஏற்றியவர்கள். மற்றவர்கள் விடிய விடியத் தொலைபேசியில் கூட இருந்தவர்கள். சொல்லவேண்டிய செய்தி இதுதான்: நாங்கள் மாதிரி மாதிரியாகக் கட்டிய கொழும்பின் தென்கரை, ஃப்ளைட்கியர் என்ற விமானச் சிமுலேட்டரில் நேற்றிரவு மறுபடி எழுந்து நின்றது. கடல் பக்கமிருந்து இரத்மலானை விமான நிலையத்தின் 04 ஓடுபாதைக்கு இறங்கி வரும்போது ரயில் பாதை வந்தது, காலி வீதி வந்தது, கோபுரங்களும் தேவாலயக் கூம்புகளும் தண்ணீர்த் தாங்கிகளும் அவையவை நிற்கவேண்டிய இடத்தில் நின்றன. இன்று விடிந்ததும் எழுதும் முதல் கடிதம் இது.

வெளியிட்டு முடித்த கட்டடங்களுக்கு ஒன்றும் நடக்கவில்லை. அவை நிலத்தோற்றத்தை இணையத்திலிருந்து தானாக இறக்கித் தரும் ரெராசிங்க் வழியாக ஊர் உலகமெல்லாம் பரவிக் கிடக்கின்றன. இந்தக் கரையில் பறந்த எவருடைய கணினியிலும் ஒரு பிரதி இருக்கும். போனவை மூலங்கள்: முப்பரிமாண மாதிரிகளைச் செய்த பிளெண்டர் கோப்புகள், நிறப்படங்களின் அடுக்குகள், இன்னும் அனுப்பாமல் வைத்திருந்த புதிய மாதிரிகள், எல்லாவற்றையும் விட அளவு அட்டவணை. வெளியானதில் ஒரு கட்டடத்துக்கு மிஞ்சுவது எஸ்.ரீ.ஜி. கோப்பில் ஒரே ஒரு வரி. மாதிரியின் பெயர், நெடுங்கோடு, அகலக்கோடு, கடல் மட்டத்திலிருந்து உயரம், திசை. அந்த எண்கள் எப்படி வந்தன என்று அந்த வரி சொல்லாது. வந்த வழி தெரியாத எண்ணை நம்பவும் முடியாது, திருத்தவும் முடியாது.

அட்டவணை போய்விட்டது என்ற கதை காதில் விழுந்து, நான்காம் நாள் சேர் 100 ஆம் இலக்க பஸ்ஸில் வந்து இறங்கினார். கையில் ஒரு சொப்பிங் பாக், உள்ளே பொலித்தீனில் சுற்றிய, தடித்த அட்டை போட்ட சீ.ஆர். கொப்பி. அட்டவணையில் இருந்த உயரங்களில் பெரும்பகுதி பல வருடங்களுக்கு முன் அவர் அளந்து தந்தவை. தட்டச்சுச் செய்த பட்டியல் கைக்கு வந்தபிறகு கொப்பியை ஒருவரும் கேட்கவில்லை. அவர் அதை எறியவுமில்லை. "ஸ்கேன் பண்ணிப்போட்டுத் திருப்பித் தாங்கோ" என்று கொடுத்துவிட்டு, தேத்தண்ணி கூடக் குடிக்காமல் அடுத்த பஸ்ஸுக்குப் போய்விட்டார். சேர் தொழில்நுட்ப வரைதல் படிப்பித்து ஓய்வு பெற்றவர். ஃப்ளைட்கியரை அவர் ஒருநாளும் திறந்து பார்த்ததில்லை.

அந்தக் கொப்பி என்ன செய்தது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டும். வேறு ஊர்களில் இதே வேலையைத் தொடங்குகிறவர்களுக்கும் உதவும்.

ஒரு கட்டடத்துக்கு ஒரு பக்கம். மேலே திகதி, நேரம், நின்று அளந்த இடம். நடுவில் கையால் வரைந்த படம், எந்தப் புள்ளி வரை அளந்தது என்று அம்புக்குறியோடு: கலசத்தின் நுனியா, கூரையின் முகடா, இடிதாங்கியின் முனையா. கீழே கணக்கு. பிழைத்துப்போய் வெட்டிய கணக்கும் அப்படியே இருக்கிறது.

பெரும்பாலும் நிழல் முறை. ஒரு மீற்றர் தடியைச் செங்குத்தாக நிறுத்தி, அதன் நிழலையும் கட்டடத்தின் நிழலையும் ஒரே நேரத்தில் அளப்பது. தடியின் நிழல் 1.25 மீற்றர், கட்டடத்தின் நிழல் 27.5 மீற்றர் என்றால் உயரம் 22 மீற்றர். இது சின்னப் பிள்ளைகளுக்கும் தெரிந்த கணக்கு. பிழைப்பது கோபுரத்தில். கோபுரத்தின் உச்சி சுவருக்கு நேர் மேலே இல்லை, அடித்தளத்தின் நடுவுக்கு மேலே இருக்கிறது. ஆகவே சூரியன் சுவருக்கு நேர்முகமாக நிற்கும் நேரம் பார்த்து, சுவரடியிலிருந்து அளந்த நிழலோடு அகலத்தின் பாதியையும் கூட்ட வேண்டும். 8 மீற்றர் அகலமான கோபுரத்தில் இதை மறந்தால், மேலே சொன்ன நிழலுக்கு 3.2 மீற்றர் குறைந்துபோகும். சேரின் பக்கங்களில் அந்தப் பாதி அகலம் தனி வரியாகக் கூட்டப்பட்டிருக்கிறது. நிழலின் நுனியும் கூராக விழாது. சூரிய வட்டு அரைப் பாகை அகலம் என்பதால் 20 மீற்றர் உயரத்துக்கு நுனி அரை மீற்றரளவு மங்கிவிடும். அந்த மங்கலின் நடுவை எடுத்து, ஒரு மணித்தியாலம் கழித்து மறுபடி அளந்து, இரண்டும் அரை மீற்றருக்கு மேல் வேறுபட்டால் மூன்றாம் முறை. ஏப்ரல் மாத முதல் வாரத்துப் பக்கம் ஒன்றில் "உச்சங்கொடுக்கிற காலம், நிழல் இல்லை, காலை எட்டரைக்கு வரவேண்டும்" என்று எழுதிவிட்டு அன்றைய வேலையை நிறுத்தியிருக்கிறார்.

அடிவாரத்தை நெருங்க முடியாத கட்டடங்களுக்குப் பாகைமானி, நூல், மீன்பிடிகாரர் போடும் ஈயக்குண்டு. ஒரே கோட்டில் இரண்டு இடத்தில் நின்று இரண்டு கோணம். இதில் எல்லோரும் விடும் பிழை கண்ணின் உயரத்தைக் கூட்ட மறப்பது. அவருடைய ஒவ்வொரு கணக்கின் கடைசியிலும் 1.52 மீற்றர் கூடியிருக்கிறது.

திசைக்கு எதிரே எல்லா இடத்திலும் "காந்தம்" என்று குறித்திருக்கிறார். கொழும்பில் திசைகாட்டி உண்மை வடக்கிலிருந்து ஏறத்தாழ 2 பாகை மேற்கே காட்டும். ஆகவே வாசித்ததில் 2 பாகை கழிக்க வேண்டும். தட்டச்சுப் பட்டியலில் "காந்தம்" என்ற சொல் விடுபட்டுப்போனது. அதனால் அந்தத் தொகுதி முழுவதும் 2 பாகை திரும்பியபடியே இத்தனை நாளும் நின்றது. எஸ்.ரீ.ஜி. கோப்பில் திசை கடிகார முள்ளுக்கு எதிர்ப்பக்கமாக எண்ணப்படும் குழப்பமும் மேலே சேர, பிழை கண்ணில் படவேயில்லை. இப்போது எல்லாம் திருத்தியாயிற்று.

கொப்பி காட்டிக்கொடுத்த பெரிய பிழை வேறு. சில பக்கங்களின் மூலையில் "ப.வ." என்று சிவப்பு மையில் இருக்கிறது. பழைய வரைபடம் என்று அர்த்தம். பழைய ஒரு அங்குல நில அளவை வரைபடங்கள் கண்டவலை என்ற அளவைத் தொடக்கப் புள்ளியையும், பூமியின் வடிவமாக எடுத்துக்கொண்ட எவரெஸ்ட் 1830 நீள்வட்டத்தையும் வைத்து வரையப்பட்டவை. அவற்றிலுள்ள அகலக்கோடு நெடுங்கோட்டை ஃப்ளைட்கியர் எதிர்பார்க்கும் உலக அளவைக்கு மாற்றாமல் போட்டால், பொருள் இருநூறு மீற்றருக்கு மேல் மேற்கே நகர்ந்துவிடும். கொழும்பில் மேற்கே நகர்ந்தால் எங்கே போகும்? ரயில் பாதையைத் தாண்டிக் கடலுக்குள். கரையோரத்தில் ஒரு தேவாலயம் அலையில் நின்றதற்குக் காரணம் நிலத்தோற்றத்தின் பிழை என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தோம். "ப.வ." என்ற இரண்டு எழுத்து அந்த முடிச்சை அவிழ்த்தது.

உயரத்தில் இன்னொரு பொறி இருக்கிறது, இலங்கையில் வேலை செய்கிறவர்கள் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டியது. எங்களுக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில், புவியீர்ப்பு மட்டத்தில், அதாவது கடல் மட்டம் பின்பற்றும் மட்டத்தில், உலகிலேயே ஆழமான பள்ளம் இருக்கிறது. அதனால் நீள்வட்டத்திலிருந்து உயரம் சொல்லும், திருத்தம் செய்யாத ஜி.பி.எஸ். கருவியைக் காலிமுகத்திடலில் பிடித்தால் சுழியத்துக்குக் கீழே 90 மீற்றருக்கு மேல் காட்டும். அதை அப்படியே எழுதினால் கட்டடம் நிலத்துக்குள் புதையும். நிலமட்டத்தைக் கருவியிடம் கேட்காமல் சிமுலேட்டரிடமே கேட்பதுதான் சரி: ஃப்ளைட்கியரில் உள்ள பறக்கும் தட்டான யூஃபோவை எடுத்துக்கொண்டு அந்த இடத்துக்குப் போய், அங்குள்ள தரை உயரத்தை வாசிப்பது. நிலத்தோற்றத்துக்குப் பயன்படும் விண்ணோட ராடார் தரவு 2000 பெப்ரவரியில் எடுத்தது. அது தென்னை மரத்தின் தலையையும் நிலமென்றே பார்த்திருக்கும். ஆகவே உண்மையான தரை உயரத்தைப் போட்டாலும் சில இடங்களில் கட்டடம் தாழும். சேரின் கொப்பி தருவது தரையிலிருந்து உச்சி வரை மட்டும். அதுதான் எந்த நிலத்தோற்றம் மாறினாலும் மாறாத எண். மாதிரியின் அடிச்சுவரை இரண்டு மூன்று மீற்றர் கீழே இறக்கிச் செய்தால் சரிவிலும் இடைவெளி தெரியாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வரைபடத்தில் அகலக்கோடு முதலில், எஸ்.ரீ.ஜி. வரியில் நெடுங்கோடு முதலில். மாறிப்போனால் இரத்மலானைக் கோபுரத்தின் ஆள்கூறு ஸ்வால்பார்ட்டுக்கு மேற்கே ஆர்க்டிக் கடலைக் காட்டும். கொப்பியை நகலெடுத்த பிள்ளைகள் ஒரு வரியில்கூட இதைப் பிழைக்கவில்லை. அவர்களுக்கும் நன்றி.

கொப்பியின் கடைசிப் பக்கத்துக்குள் மடித்து வைத்த தாள் ஒன்று இருந்தது. அது மூன்று நாள் கழித்துத்தான் கண்ணில் பட்டது. புது மை, புதுத் திகதி. கொப்பியைக் கொண்டு வருமுன் சேர் வெள்ளவத்தையிலிருந்து இரத்மலானை வரை காலி வீதியோரம் நடந்திருக்கிறார். எந்தப் பக்கத்துக் கட்டடம் இப்போதும் நிற்கிறது, எது இடிக்கப்பட்டது, எந்தக் கோபுரம் கும்பாபிஷேகத்தோடு உயர்ந்தது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி. உயர்ந்த கோபுரத்தைத் திரும்ப அளந்து, புதிய எண்ணும் போட்டிருக்கிறார். அந்தத் தாளை ஒருவரும் கேட்கவில்லை. அந்த வெயிலில் நடக்கவும் ஒருவரும் சொல்லவில்லை. அதை வாசித்த அன்று அறையில் கொஞ்ச நேரம் ஒருவரும் பேசவில்லை.

மற்றவர்களுக்கும் இதே மனதோடு நன்றி. நனைந்த வன்தட்டுகளுக்கு மின் கொடுக்காமல், காய வைக்கவும் விடாமல் காப்பாற்றிய மருதானைத் தம்பிக்கு. இரவல் கணினி தந்த கொட்டாஞ்சேனை அன்ரிக்கு. அந்த 4 ஜி.பி. நினைவகத்தில் எட்டு வேலையை ஒரே நேரத்தில் ஓட விட்டால் நிரல் தொகுப்பு நடுவழியில் செத்துப்போகும், இரண்டாகக் குறையுங்கள் என்று நள்ளிரவில் சொன்னவருக்கு. அடிப்படை நிரலகமான சிம்கியர், ஃப்ளைட்கியர், அதன் தரவுத் தொகுதியான எஃப்.ஜி. டேட்டா மூன்றும் ஒரே பதிப்பாக இருக்கவேண்டும் என்பதை நினைவுபடுத்தி, பல ஜி.பி. அளவான எஃப்.ஜி. டேட்டாவைப் பென் ட்ரைவில் கொண்டுவந்து தந்தவர்களுக்கு. ஒரே மூட்டையாக அனுப்பிய மாற்றங்களைத் திருப்பி அனுப்பாமல், கட்டடம் கட்டடமாகப் பிரித்துப் பார்த்துச் சேர்த்துக்கொண்ட வெளிநாட்டு நண்பர்களுக்கு. ஃப்ளைட்கியரின் தமிழ் மொழிபெயர்ப்பை அந்த நாட்களிலும் நிறுத்தாமல் செய்தவர்களுக்கு. எழுத்தைக் கோத்துக் காட்டும் பொறி இல்லாத இடங்களில் "கொழும்பு" என்ற சொல்லின் கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய் விழுவதைப் படம் பிடித்து அனுப்பினீர்கள். அந்த வேலை இனித்தான். பெயர் போட வேண்டாம் என்று சிலர் கேட்டதால் ஒருவருடைய பெயரும் போடவில்லை.

1990களின் நடுவில் தொடங்கிய ஃப்ளைட்கியர்த் திட்டம் இன்றுவரை தொண்டர்களின் கையால்தான் நடக்கிறது. அதன் உரிமமான ஜி.பி.எல்., மூலம் என்பதற்கு ஒரு வரைவிலக்கணம் தருகிறது: ஒரு படைப்பை மாற்றியமைக்க எந்த வடிவம் மிக ஏற்றதோ அதுவே மூலம். இத்தனை நாளும் அதை நிரலுக்கு மட்டும் பொருத்திப் பார்த்தோம். ஒரு கோபுரத்துக்கு மூலம் எது? பிளெண்டர் கோப்பும்தான், ஆனால் அதற்கும் முன்னே, எங்கே நின்று எதை வைத்து எந்த நேரத்தில் அளந்தது என்ற குறிப்பு. ஆகவே இனி இந்தக் கரையிலிருந்து போகும் எந்த மாதிரியும் குறிப்புக் கோப்பு இல்லாமல் போகாது. அதில் ஐந்து செய்திகள் இருக்கும்: எந்தப் புள்ளி வரை உயரம், அளந்த முறை, திசை காந்தமா உண்மையா, ஆள்கூறு எந்த அளவையில், அளந்த திகதி. மூலங்கள் மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனத்தில், ஒன்று கொழும்புக்கு வெளியே. இதைச் சேருக்குக் கொடுக்கும் வாக்காக எழுதுகிறோம்.

சேர், கொப்பி முழுவதும் ஸ்கேன் செய்து முடிந்தது. அட்டை கழன்றிருந்தது, ஒட்டவில்லை, உங்களிடம் கேட்டுவிட்டுச் செய்யலாம் என்று விட்டிருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை காலை வீட்டுக்குக் கொண்டுவந்து தருகிறோம். அப்போது 57 ஆம் பக்கத்தை ஒருமுறை பார்த்துச் சொல்ல வேண்டும். பென்சில் மங்கியதால் அந்தக் கூம்பின் உயரம் 18.4 ஆ 13.4 ஆ என்று தெரியவில்லை. நீங்கள் சொல்லும்வரை அந்த இடத்தை வெறுமையாக வைத்திருக்கிறோம்.

அன்புடன்,
கொழும்புத் தென்கரை நிலத்தோற்றத் தொண்டர்கள்