தேயிலைத் தோட்டத்துப் பழைய புதைகுழிப் பதிவேட்டைப் பார்க்க அனுமதி கோரி நான்காவது மனு

பிரதேச செயலாளர் அவர்கட்கு,

கனம் ஐயா,

இதே விடயமாக மூன்று மனுக்கள் தந்துவிட்டேன். இரண்டைப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். மூன்றாவதைக் கையில் கொடுத்து முத்திரையும் வாங்கினேன். பதில் இல்லை. தங்கள் வேலைப்பளுவை அறிவேன். ஆகவே பணிவுடன் மறுபடியும் எழுதுகிறேன்.

1. இடம் தங்களுக்குத் தெரிந்ததுதான். பழைய ஸ்டோருக்கு, அதாவது தேயிலை ஆலைக்கு மேலே, காமன் பொட்டலைத் தாண்டி, ஓடையோரச் சரிவு. போன மாசியில் காமன் கூத்துக்கு வந்தபோது தங்கள் ஜீப் நின்ற இடத்துக்கு நேர் மேலே. எங்கள் ஐந்து தலைமுறை அங்கேதான் கிடக்கிறது. கல்லறை கட்ட யாருக்கு வசதி இருந்தது? மரக்கட்டையில் நம்பர் போட்டு நட்டார்கள். கட்டைகள் உக்கி மண்ணாகிவிட்டன. நம்பர் இப்போது புத்தகத்தில் மட்டும்தான் இருக்கிறது.

2. அந்தப் புத்தகம் தோட்டத்து ஆப்பீஸ் அலுமாரியில் இருக்கிறது. இரக்கப்பட்ட ஒருவர் பத்து நிமிடம் காட்டினார். கறுப்புத் துணி அட்டை. ஓரமெல்லாம் இராமபாணப் பூச்சி அரித்து, தொட்டால் உதிர்கிறது. பெயர், ஆளைக் கூட்டி வந்து வேலை வாங்கிய கங்காணி, வயது, நோய், குழி நம்பர் என்று கட்டங்கள். பெயர்கள் எல்லாம் ஆங்கில எழுத்தில், கிளார்க்கர் காதில் விழுந்தபடி. எங்கள் பூட்டன் பெயரில் ஒரே பக்கத்தில் ஐந்து பேர்! கருப்பன், ராமசாமி, முத்தையா என்று நாலைந்து பெயருக்குள் முழுத் தோட்டமும் அடங்கிவிடும் ஐயா. கங்காணி பெயரை வைத்துத்தான் ஆளைப் பிரிக்க முடியும். நோய்க் கட்டத்தில் வரிசையாக ‘டெபிலிட்டி’, அதாவது பலவீனம். அது நோயா? உழைத்து ஓய்ந்த உடம்புக்கு வைத்த பெயர். நான் அடுத்த பக்கம் திருப்புவதற்குள் பூட்டிவிட்டார்கள்.

3. மறுநாள் போனால் “செயலகத்துக் கடிதம் வேண்டும்” என்றார்கள். செயலகத்தில் “தோட்டத்தில் கேளுங்கள்” என்றார்கள். மறுபடி தோட்டம். மறுபடி செயலகம். பஸ் காசுக்கும் இழந்த அரைநாள் சம்பளத்துக்கும் யார் பொறுப்பு? நாங்கள் என்ன, தேயிலை மலையையா எழுதிக் கேட்கிறோம்? ஒரு பெயர், ஒரு நம்பர்!

4. இது வெறும் பாசத்துக்காகக் கேட்பதல்ல. 1914இல் தலைமன்னாருக்கு ரயில் வருவதற்கு முன்பே, மன்னாரிலிருந்து மாத்தளைக்குக் காட்டுவழி நடந்து வந்தவர் எங்கள் பூட்டன். 1948 பிரஜாவுரிமைச் சட்டம் வந்தபோது “தகப்பனும் இங்கே பிறந்தார் என்று காகிதம் காட்டு” என்றார்கள். காகிதம் இல்லை. 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தில் பெரியப்பா குடும்பம் இந்தியா போயிற்று. இன்று அவர் பேரப்பிள்ளைகள் நீலகிரித் தேயிலையில். 2003இல் எங்களுக்குப் பிரஜாவுரிமை கிடைத்தது, நன்றி. நீலகிரிப் பிள்ளைகள் போனில் கேட்பது ஒன்றே: “பூட்டன் எந்தக் குழியில்?” என்ன சொல்ல?

5. தோட்டம் 1970களில் அரசு கைக்கும், 1992இல் கம்பனி கைக்கும் மாறியது. ஒவ்வொரு தடவையும் மரமும் மெஷினும் எண்ணிக் கையெழுத்துப் போட்டிருப்பார்கள். புதைந்தவர்களை எண்ணியது யார்?

6. இப்போது அந்தச் சரிவில் மறுநடுகைக்கு அடையாளக் கம்பு நட்டிருக்கிறார்கள். மண் தோண்டும் பெக்கோ மெஷின் வந்துவிட்டால் பிறகு நம்பர் இருந்தும் பயனில்லை. அம்மாவுக்கு வயது 84. மேட்டில் ஏற இன்னும் ஒரு வருடம் கால் தாங்கும் என்கிறார், அதுவும் நான் கையைப் பிடித்தால்.

ஐயா, அந்தப் பதிவேட்டைத் தங்கள் அலுவலர் ஒருவர் முன்னிலையில் ஒரே ஒரு நாள் பார்த்து, போனில் படம் பிடித்துக்கொள்ள அனுமதிக் கடிதம் தாருங்கள். அதுவரை அந்தச் சரிவில் மண்வெட்டி விழாமல் பாருங்கள். கையுறை நாங்களே கொண்டுவருகிறோம். ஒரு நாள் போதும் ஐயா. முடியாதென்றால் முடியாதென்றாவது எழுத்தில் தாருங்கள்.

இங்ஙனம்,
பழைய ஸ்டோர் லயம், ஆறாம் காம்பிரா

இணைப்பு: முந்தைய மூன்று மனுக்களின் பிரதிகள், தபால் பற்றுச்சீட்டுகள்