உன் ஸி, எங்கள் ஸி

அன்புள்ள தம்பிக்கு,

போன ஞாயிறு நீ ரிகர்சலுக்கு வரவில்லை. அதற்கு முந்தின ஞாயிறும் வரவில்லை. "கல்யாண ஆர்டர் இருக்குக்கா" என்று மெசேஜ் போட்டிருந்தாய். ஆடி மாசத்தில் என்ன கல்யாணம்? அம்மன் கோயிலில் கூழ் ஊற்றுகிறார்கள் என்று சொல்லியிருந்தாலாவது நம்பியிருப்பேன்.

காரணம் எனக்குத் தெரியும். நீ கடைசியாக வந்த அன்றைக்கு "எல்லாரும் ஒரு ஸி கொடுங்க" என்று அந்த இங்கிலீஷ் ஸ்வரத்தைக் கேட்டோம். உன் தாத்தா சொல்லிக்கொடுத்த ஸியை நீ ஊதினாய். வயலினும் கீபோர்டும் ஓரிடத்தில் நிற்க, உன் பேண்டு செட் டிரம்பெட் மட்டும் ஒரு முழு ஸ்வரம் கீழே போய் உட்கார்ந்தது. ஒருவர் சிரித்தார். அப்புறம் நாலைந்து பேர் சிரித்தோம். நானும்தான். நீ வால்வைத் துடைக்கிற மாதிரி குனிந்துகொண்டாய். இதை ஊரறிய எழுதுகிறேன் என்றால், சிரித்ததும் நாலு பேர் முன்னால்தானே.

தப்பு உன்னுடையது இல்லை. உன் கையில் இருப்பது பி ஃபிளாட் டிரம்பெட். எந்த வால்வையும் அழுத்தாமல் அதில் வரும் ஸியைக் கீபோர்டில் தேடினால் பி ஃபிளாட்டில்தான் கிடைக்கும். அந்த வாத்தியத்தின் வழக்கமே அதுதான். அதனால்தான் டிரம்பெட்காரருக்கு ஒரு ஸ்வரம் ஏற்றி எழுதிக் கொடுப்பார்கள். அது நோட்டேஷன் எழுதுகிறவர் வேலை, அதாவது என் வேலை. எட்டு கிரேடும் முடித்து சர்டிபிகேட்டை ஃப்ரேம் போட்டு மாட்டியிருக்கிற நான் அதைச் செய்யாமல் வந்துவிட்டு, காதால் பிடித்தே வாசிக்கிற உன்னைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன். மன்னித்துக்கொள்.

படியிறங்கும்போது, "இது உங்க ஆளுங்க சமாச்சாரம்க்கா, நமக்கு எதுக்கு" என்றாய். அதுதான் இன்னும் குத்துகிறது. யார் அந்த "உங்க ஆளுங்க"? பெரம்பூரில் ஒரு ட்யூஷன் சென்டர் மாடி. குழந்தைகளுக்கான பெஞ்சில் முட்டி இடிக்க உட்காரும் 11 பேர். ரயில்வேயில் வேலை பார்த்துக்கொண்டே செல்லோ வாசிக்கிறவர், சர்ச்சில் ஆர்கன் வாசிக்கிறவர், கல்யாணத்துக்குப் பிறகு வீணையை மூட்டை கட்டி வைத்து இப்போதுதான் பிரித்தவர். டீக்கும் வாடகைக்கும் தலைக்கு நூறு ரூபாய். ஒரு ஹாலில் தேதி கேட்டோம். "கர்நாடிக்கா, லைட் மியூசிக்கா?" என்றார்கள். இரண்டும் இல்லை என்றதும் போனை வைத்துவிட்டார்கள். மார்கழியில் மயிலாப்பூர் பக்கம் கேன்டீனுக்கே வரிசை நிற்கும். நம் மாடிக்கு வருவது வாட்ச்மேனும் அவர் பேத்தியும்தான். இதில் உள்ளே யார், வெளியே யார், சொல்?

இன்னொன்று. நீ ஆர்டருக்கு மணலி போவாயே, டேங்கர் லாரிகளுக்கு நடுவில் புகுந்து. இருநூறு வருஷத்துக்கும் முன்னால் முத்துசுவாமி தீட்சிதரின் குடும்பம் அந்த மணலியில்தான் இருந்தது. அவர்களை ஆதரித்த மணலி முதலியார், பிள்ளைகளைக் கோட்டைக்குக் கூட்டிப்போய் இங்கிலீஷ்காரர்களின் பேண்டு வாசிப்பைக் கேட்கவைத்தார். தம்பி பாலுசுவாமி வயலின் கற்றுக்கொண்டார். அண்ணன், காதில் விழுந்த மெட்டுகளுக்கு சமஸ்கிருதத்தில் சாகித்யம் போட்டார். நோட்டுஸ்வரம் என்கிறோமே, அதுதான். கிட்டத்தட்ட 40 இருக்கும். பிரிட்டிஷ் ராஜாவை வாழ்த்தும் மெட்டில்கூட "ஸந்ததம் பாஹிமாம்" என்று ஒன்று உண்டு. எல்லாம் சங்கராபரண ராகத்து ஸ்வரங்கள். நாம் ஸி மேஜர் என்கிறோமே, அதே வரிசை. தீட்சிதரையே உட்காரவைத்துக் கேட்கவைத்தது ஒரு பேண்டு செட், தம்பி. உன்னைப் பார்த்து நாங்கள் சிரிக்கிறோம்!

நாம் வாசிக்க எடுத்திருக்கும் "இன் ஸி" என்ற பாட்டும் ஒன்றும் கோட்டு போட்டவர்கள் சமாச்சாரம் இல்லை. அமெரிக்கக் கம்போசர் டெர்ரி ரைலி 1964இல் எழுதியது. மொத்தம் 53 துண்டுகள், எல்லாருக்கும் ஒரே ஷீட். எந்த வாத்தியமும் வாசிக்கலாம், எத்தனை பேரும் சேரலாம். ஒவ்வொரு துண்டையும் எத்தனை தடவை திருப்புவது என்பது அவரவர் இஷ்டம். ஆனால் கூட்டத்தைவிட இரண்டு மூன்று துண்டுக்கு மேல் முந்தவும் கூடாது, பிந்தவும் கூடாது. அதற்குப் பக்கத்து ஆளைக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். கண்டக்டர் கிடையாது. சான் பிரான்சிஸ்கோவில் முதல் கச்சேரிக்கு ரிகர்சல் நடந்தபோது ஆளாளுக்குத் தாளம் நழுவியிருக்கிறது. கூட வாசிக்க வந்த ஸ்டீவ் ரைஷ்தான், ஒருவர் ஸியை விடாமல் தட்டிக்கொண்டே இருக்கட்டும் என்று யோசனை சொன்னார். இன்றைக்கு அந்தத் தட்டல் இல்லாமல் அந்தப் பாட்டை நினைக்கவே முடியாது. ஜீவா ஸ்டேஷன் பக்கம் சாமி ஊர்வலம் திரும்பும்போது டோல் அடிக்கிறவர் தாளம் விட்ட இடத்தை நீ கண்ணாலேயே காட்டிச் சரி பண்ணினாயே, அதைப் பார்த்துத்தான் உன்னைக் கூப்பிட்டேன்.

53ஐயும் ஒரு ஸ்வரம் ஏற்றி உனக்காகக் கையால் எழுதிவிட்டேன். மூன்று ராத்திரி ஆனது. முதல் துண்டு சுலபம்: ஒன்றும் மூன்றும் அழுத்தித் தொட்டுவிட்டு, உடனே இரண்டாவது வால்வு மட்டும். இதே மூன்று தடவை. 35ஆவதுதான் இருப்பதிலேயே நீளம். அதில் எங்கே மூச்சு எடுப்பது என்று வயலின்காரி எனக்கு எப்படித் தெரியும்? அதை நீயே பென்சிலில் போட்டுக்கொள்.

ஞாயிறு நாலு மணி. கூழ் ஊற்றும் ஆர்டர் நிஜமாகவே இருந்தால் முடித்துவிட்டு யூனிபார்மோடு வா, பரவாயில்லை. ஃபேன் போட்டால் பேப்பர் பறக்கிறது என்று எல்லாரும் துணி கிளிப் மாட்டுகிறோம். உனக்கும் நாலு எடுத்து வைத்திருக்கிறேன்.

அக்கா