ஃபார்மேட் செய்யச் சொல்லாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

விண்டோஸ் எக்ஸ்பியில் ஹார்ட் டிஸ்க் தெரியவில்லை என்று கேட்ட வாசகருக்கு, 'ஃபார்மேட் செய்து பாருங்கள்' என்று தங்கள் கணினிப் பகுதியில் பதில் வந்திருந்தது. தயவுசெய்து அதற்கு ஒரு திருத்தம் வெளியிடுங்கள். 2014 ஏப்ரலிலேயே எக்ஸ்பிக்கு ஆதரவு நின்றுவிட்டது. ஆனாலும் பழைய தமிழ் எழுத்துருக்களையும் பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளையும் நம்பியிருக்கும் டி.டி.பி. கடைகளில் அது இன்னும் ஓடுகிறது. பல வருட உழைப்பு அந்த டிஸ்க்கில்தான் இருக்கிறது. ஃபார்மேட் செய்தால் அது அழிந்துவிடும்.

முதலில், விண்டோஸுக்கு முன்பே ஓடும் அடிப்படை மென்பொருளான பயாஸின் திரையைப் பாருங்கள். அங்கேயே டிஸ்க்கின் பெயர் வரவில்லை என்றால் எக்ஸ்பியைக் குறை சொல்லிப் பயனில்லை. பவர் வயரைக் கழற்றி மாட்டுங்கள், டேட்டா கேபிளை மாற்றுங்கள். ஐ.டி.இ. டிஸ்க் (அகன்ற பட்டைக் கேபிளில் இணையும் பழைய வகை) என்றால் ஜம்பரைக் (டிஸ்க்கின் ஊசிகளில் மாட்டும் சிறு இணைப்பு) கவனியுங்கள்: ஒரே கேபிளில் உள்ள இரண்டு டிஸ்க்குகளும் மாஸ்டராக (முதல் டிஸ்க்காக) இருந்தால் ஒன்றோ இரண்டுமோ காணாமல் போகும். 80 இழைக் கேபிளில் நீல முனை மதர்போர்டுக்கு, கறுப்பு மாஸ்டருக்கு, நடுவிலுள்ள சாம்பல் ஸ்லேவுக்கு (இரண்டாம் டிஸ்க்குக்கு). வி.ஐ.ஏ. வி.டி.8237 சிப் உள்ள பழைய போர்டில் புது சாட்டா டிஸ்க் (மெல்லிய கேபிளில் இணையும் வகை) தெரியாமல் போவதுண்டு. 3 ஜிகாபிட் வேகத்தில் சிப்புக்கும் டிஸ்க்குக்கும் ஒத்துப்போகாது. டிஸ்க்கின் லேபிளில் காட்டியுள்ள இடத்தில் ஜம்பர் போட்டு 1.5 ஜிகாபிட்டுக்கு இறக்கினால் தெரிந்துவிடும். 'டக் டக்' என்று சத்தம் கேட்டால் மட்டும் உடனே கரண்டை நிறுத்துங்கள். திரும்பத் திரும்பப் போட்டுப் பார்ப்பது உள்ளதையும் கெடுக்கும்.

பயாஸில் தெரிந்து, எக்ஸ்பி இன்ஸ்டால் செய்யும்போது மட்டும் 'ஹார்ட் டிஸ்க் இல்லை' என்று வந்தால், காரணம் பெரும்பாலும் ஏ.எச்.சி.ஐ. என்ற சாட்டா மோடுதான். அதற்கான டிரைவர் எக்ஸ்பி சி.டி.யில் கிடையாது. பயாஸில் சாட்டா மோடை ஐ.டி.இ. என்று மாற்றினால் போதும். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த கணினி 0x7பி என்ற பிழையுடன் (துவக்க டிஸ்க்கை அணுக முடியவில்லை என்று பொருள்) நீலத்திரையில் நின்றால், பயாஸ் பேட்டரி தீர்ந்து அந்த மோடு தானாக மாறியிருக்கிறதா என்று பாருங்கள். பழையபடி வைத்தால் எழுந்துவிடும், பேட்டரியையும் மாற்றிவிடுங்கள்.

இவற்றைவிட ஆபத்தானது 137 ஜி.பி. எல்லை. சர்வீஸ் பேக் 1 (மைக்ரோசாஃப்டின் திருத்தத் தொகுப்பு) இல்லாத எக்ஸ்பி, டிஸ்க்கின் 512 பைட் துண்டுகளுக்கு 28 பிட் முகவரியைத்தான் அறியும். 2-இன் 28ஆம் அடுக்கை 512 பைட்டால் பெருக்கினால் வருவது அந்த 137 தான். விண்டோஸ் 1024-இன் மடங்கில் எண்ணுவதால் 137 அதில் 128 ஆகவும், 160 அதில் 149 ஆகவும் தெரியும். எனவே 149 ஜி.பி. என்று காட்ட வேண்டிய 160 ஜி.பி. டிஸ்க், 128-ஐ ஒட்டிக் காட்டினால் அங்கேயே நிறுத்துங்கள். வேறு கணினியில் முழு அளவுக்கும் பார்ட்டிஷன் போட்ட டிஸ்க்கை இதில் மாட்டினால், எல்லையைத் தாண்டி எழுதுவது சுற்றிவந்து டிஸ்க்கின் தொடக்கத்தில் விழக்கூடும். டிஸ்க்கின் பிரிவுகளைக் குறித்துவைக்கும் பார்ட்டிஷன் டேபிள் இருப்பதும் அங்கேதான். சர்வீஸ் பேக் போட்ட பிறகே மாட்டுங்கள். பயாஸும் 48 பிட் முகவரியை ஏற்பதாக இருக்க வேண்டும்.

2 டி.பி.க்கு மேற்பட்ட டிஸ்க்குகள் பெரும்பாலும் ஜி.பி.டி. என்ற புதிய பார்ட்டிஷன் முறையில் இருக்கும். 32 பிட் எக்ஸ்பியால் அதைப் படிக்க முடியாது. மை கம்ப்யூட்டரில் ரைட் கிளிக் செய்து மேனேஜ், டிஸ்க் மேனேஜ்மென்ட் என்று போனால் 'ஜி.பி.டி. புரொடெக்டிவ் பார்ட்டிஷன்' என்று காட்டும். டிஸ்க்கில் பழுதே இல்லை. விண்டோஸ் 7 கணினியில் மாட்டினால் ஃபைல்கள் அப்படியே இருக்கும். அவற்றை நகலெடுத்த பிறகு ஃபார்மேட் பற்றி யோசிக்கலாம்.

இப்படிக்கு,
கணினி பழுதுநீக்கும் வாசகர்