குண்டாலா வெந்நீர் ஊற்றில் ஒரு மறைப்பு வேண்டும்

குண்டாலா ஊற்றுக்கும் அதன் கரைக்கும் பொறுப்பான அதிகாரிகளுக்கு,

வணக்கம். பத்ராசலத்திலிருந்து ஐந்து கிலோமீட்டர் தூரத்தில், கோதாவரி மணலில் ஊறும் வெந்நீரில் குளித்து எழும் பெண்கள் ஈரத்துணி மாற்ற ஒரு மறைப்பு வேண்டும். கேட்பது இவ்வளவுதான். கடிதம் நீளமாக இருக்கிறதே என்று பாதியில் வைத்துவிட்டாலும் பரவாயில்லை, இந்த முதல் பத்தியை மட்டுமாவது கோப்பில் சேர்த்துவிடுங்கள்.

யார் பெயரும் போடாமல், எந்தத் துறை என்றும் சொல்லாமல், 'பொறுப்பான அதிகாரிகள்' என்று பொதுவாக எழுதியிருக்கிறேன். காரணம் உங்களுக்கே தெரியும். 2014இல் மாநிலம் பிரிந்தபோது ராமர் கோயில் இருக்கும் பத்ராசலம் தெலங்கானாவில் நின்றுவிட்டது. அதை ஒட்டிய ஐந்து ஊர்கள், எட்டபாகாவும் குண்டாலாவும் அதில் சேர்த்தி, கோதாவரியில் கட்டும் போலவரம் அணைக்காக ஆந்திராவுக்கு வந்தன. 2022இல் மாவட்டமும் மாறியது. சாமி ஒரு மாநிலத்தில், சாமி கும்பிட்டுவிட்டுப் போய்க் குளிக்கும் தண்ணீர் இன்னொரு மாநிலத்தில். இதில் எங்களுக்கு ஒரு வருத்தமும் இல்லை. யாரிடம் போய்க் கேட்பது என்பதுதான் தெரியவில்லை.

கேட்காமலும் இல்லை. ஒரு அலுவலகத்தில் "அது அந்தப் பக்கம்மா" என்றார்கள். அந்தப் பக்கம் போனால் ஊற்று ஆற்றுக்குள் இருக்கிறது, ஆறு வேறு துறை என்றார்கள். இன்னோர் இடத்தில் எந்த ஊர் என்று விசாரித்தார்கள். நகரி என்றதும், "சித்தூர் ஜில்லாவிலிருந்து இவ்வளவு தூரம் வந்து இதுக்கா அலையறீங்க?" என்று சிரித்தார் அங்கே இருந்தவர். தெலுங்கில் எழுதிய மனுவையும் கொடுத்துவிட்டு வந்தோம். பதில் வரவில்லை. அதனால்தான் இப்போது எல்லோரும் படிக்கும்படி தமிழில் எழுதுகிறேன். எங்கள் பக்கத்திலிருந்து பத்ராசலம் போகிறவர்கள் கொஞ்சம் பேர் இல்லை. அவர்களும் படிக்கட்டும், போகும்போது அவர்களும் கேட்கட்டும்.

நாங்கள் யார் என்று ஒரு வார்த்தை. நகரி, ஏகாம்பரகுப்பம் பக்கத்தில் பவர்லூம் ஓட்டுகிற வீட்டுப் பெண்கள். வீட்டில் தமிழ், கடைத்தெருவில் தெலுங்கு. சீட்டுப் போட்டுச் சேர்த்த பணத்தில் வேன் பிடித்து, முக்கோட்டி ஏகாதசிக்கு, அதாவது வைகுண்ட ஏகாதசிக்கு, பத்ராசலம் போனோம். முதல் நாள் சாயங்காலம் கோதாவரியில் தெப்பம், மறுநாள் விடியலில் வடக்கு வாசல் தரிசனம். இரண்டும் குறையில்லாமல் நடந்தது. அங்கே ஏற்பாடு செய்தவர்களுக்கு நன்றி சொல்லாமல் குறை மட்டும் சொல்வது நியாயமில்லை, சொல்லிவிட்டேன்.

அப்புறம் குண்டாலா. அங்கே மணலில் குழி தோண்டினால் சூடான தண்ணீர் ஊறும். குளிர்காலத்தில் மும்மூர்த்திகளும் வந்து அதில் நீராடுவார்கள் என்பது நம்பிக்கை. எங்களை இழுத்துப்போனது பக்தி பாதி, முழங்கால் பாதி. தறி ஓட்டுகிறவளுக்கு உட்காரும் வேலை கிடையாது. இந்தத் தறியில் நூல் அறுந்தால் இங்கே, அந்தத் தறியில் நாடா தீர்ந்தால் அங்கே என்று பகல் முழுக்க சிமெண்ட் தரையில் நடையும் நிற்பதும்தான். வெந்நீரில் இறங்கி உட்கார்ந்தால் மூட்டுவலி தீர்ந்துவிடும் என்று எந்த டாக்டரும் எங்களுக்குச் சொல்லவில்லை. நாங்களும் அப்படி நம்பிக்கொண்டு போகவில்லை. உட்கார்ந்திருக்கிற நேரமாவது வலி தெரியாமல் இருக்குமே, அதற்குத்தான்.

எங்கள் கூட்டத்தில் அதிகம் ஆசைப்பட்டவர் என் பெரியம்மா. வயது அறுபதைத் தாண்டிவிட்டது. வேனில் ஏறினதிலிருந்து ராமரைப் பற்றிப் பேசியதைவிட இந்த வெந்நீரைப் பற்றிப் பேசியதுதான் அதிகம். கரையில் இறங்கிச் சுற்றிலும் ஒரு பார்வை பார்த்தார். திறந்த மணல். ஆண்கள் ஒரு பக்கம் குழியில் காலை நீட்டிச் சுகமாக உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கு ஒரு துண்டு போதும், இடுப்பில் சுற்றிக்கொண்டு ஊர் பார்க்கவே உடை மாற்றிவிடலாம். பெண்கள் ஒதுங்க எங்கள் கண்ணுக்கு எட்டிய வரைக்கும் ஒன்றுமே இல்லை. ஒரு சுவரோ, ஓலையோ, நாலு குச்சி நட்டுக் கட்டிய சாக்கோ கூடக் கிடையாது.

நாங்கள் வழக்கமாக எங்கும் செய்வதையே செய்தோம். இரண்டு புடவையை விரித்து நாலு மூலைக்கு நாலு பேர் பிடித்துக்கொள்ள, உள்ளே ஒருத்தி மாற்றிக்கொண்டு வர, அடுத்து இன்னொருத்தி. மார்கழிக் காற்று ஆற்றுப் பக்கம் எப்படி அடிக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. புடவை ஒரு மூலையில் பறக்கும், பிடிக்க ஓடினால் மறு மூலை அவிழும். உள்ளே நிற்பவள் ஜாக்கெட் ஊக்கை மாட்டுவாளா, புடவையை இழுத்துப் பிடிப்பாளா? கரை மேட்டில் ஒரு பையன் செல்போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றான். கேட்டதற்கு ஆற்றைத்தான் எடுக்கிறேன் என்றான். ஆற்றையே எடுத்திருக்கலாம், அவன் மேல் பழி போட எனக்கு ஆதாரம் இல்லை. ஆனால் அதற்குப் பிறகு எங்களில் பாதிப் பேர் தண்ணீரில் இறங்கவில்லை. இறங்கிய பெண்களில் சிலர் மாற்றிக்கொள்ளவே வேண்டாம் என்று ஈரப்புடவையோடு வேனில் ஏறினார்கள். சீட்டு நனைகிறதென்று டிரைவர் முணுமுணுத்தது தனி.

பெரியம்மா குளிக்கவில்லை. "நீங்க போங்கம்மா, நான் காலு மட்டும் நனைச்சிக்கிறேன்" என்றார். அதைக்கூடச் செய்யவில்லை. கடைசிவரை ஒரு புடவையின் மூலையைப் பிடித்துக்கொண்டு நின்றார், மற்றவர்கள் மாற்றிக்கொள்வதற்காக. யாருடைய முழங்காலுக்காக அவ்வளவு தூரம் போனோமோ அவர்தான் அந்த ஈர மணலில் அதிக நேரம் நின்றவர். திரும்பும் வழியில் வெந்நீரைப் பற்றி அவர் வாய் திறக்கவில்லை. அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம் என்று நாங்கள் சொன்னதற்கு, அடுத்த முறை நான் வரமாட்டேன் என்றார். இந்தக் கடிதம் அந்த ஒரு பதிலால்தான் எழுதப்படுகிறது.

நீங்கள் சொல்லக்கூடிய பதில் ஒன்று எனக்குத் தெரியும், ஒரு அலுவலகத்தில் காதில் விழுந்ததுதான். "ஆற்றுக்குள் எதைக் கட்டினாலும் வெள்ளத்தில் போய்விடும்." உண்மைதான். பத்ராசலத்தில் 43 அடிக்கு முதல் எச்சரிக்கை, 48க்கு இரண்டாவது, 53க்கு மூன்றாவது. 1986இல் 75 அடியைத் தாண்டி வந்த ஆறு அது. 2022 ஜூலையில் 71 அடிக்கு மேல் வந்ததை நாங்களும் டிவியில் பார்த்தோம். அந்த ஆற்றுக்குள் சிமெண்ட் போட்டு அறை கட்டுங்கள் என்று எங்களில் யாரும் கேட்கவில்லை. மூங்கில் தட்டி கேட்கிறோம். கார்த்திகையில் நட்டு, கோடை முடியும்போது பிடுங்கி மேட்டில் அடுக்கி வைத்துவிட்டால் வெள்ளம் எதைக் கொண்டுபோகும்? அந்தப் பக்கத்துக் கிராமங்களில் தட்டி பின்னத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கும் நாலு நாள் கூலி கிடைக்கும். வெள்ளம் வருவது ஆடியிலும் ஆவணியிலும், நாங்கள் குளிக்க வருவது மார்கழியிலும் தையிலும். வெள்ளத்துக்கும் எங்களுக்கும் சந்திப்பே இல்லை, ஆனால் எங்களுக்குச் சொல்லும் காரணம் மட்டும் வெள்ளம்.

வேறு இடங்களில் முடிந்திருக்கிறது. பத்ரிநாத்தில் கோயிலுக்குப் போகும் முன் குளிக்கிற தப்த குண்டத்தில் பெண்களுக்குத் தனி இடம் உண்டு, அதுவும் இமயமலையில், பனி விழுகிற ஊரில். மணாலி பக்கத்து வசிஷ்ட் கிராமத்திலும் ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனித் தொட்டி. உங்கள் ஸ்ரீகாகுளத்தைத் தாண்டினால் ஒடிசாவில் தப்தபானி. ஊற்றுக்கண்ணில் யாரையும் இறங்க விடாமல், அந்த நீரைப் பக்கத்துக் குளத்துக்குத் திருப்பி அங்கே குளிக்க விடுகிறார்கள். அங்குள்ள அரசு விடுதியில் அறைக்கே வெந்நீர் ஊற்றைக் குழாயில் கொண்டுவந்திருக்கிறார்கள். நாட்டில் 300க்கு மேல் வெந்நீர் ஊற்றுகள் இருப்பதாகப் புவியியல் துறையினர் கணக்கெடுத்து வைத்திருக்கிறார்கள். மழைத்தண்ணீர் பாறை வெடிப்பு வழியாக ஆழத்துக்கு இறங்கும், கிலோமீட்டருக்கு இருபத்தைந்து, முப்பது டிகிரி என்று சூடு ஏறும், பிறகு வேறொரு வெடிப்பு வழியாக மேலே வந்துவிடும். எத்தனையோ காலமாக ஆழத்துக்குப் போய் வந்து அந்தத் தண்ணீர் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது. அதற்கு டெண்டர், ஒப்புதல், எல்லைத் தகராறு எதுவும் கிடையாது.

அதே கோதாவரிப் பள்ளத்தாக்கில், மணுகூரு பக்கம் பகிடேருவில், பூமிக்குள்ளிருந்து வரும் வெந்நீரை வைத்து 20 கிலோவாட் மின்சாரம் எடுக்கும் சோதனை நிலையம் போட்டிருக்கிறார்கள். நல்ல காரியம், குறை சொல்லவில்லை. சுடுதண்ணீரிலிருந்து கரண்ட் எடுக்கிற அளவுக்கு மூளை இருக்கிற பிரதேசத்தில், சுடுதண்ணீரிலிருந்து ஒரு பெண் வெளியே வந்தால் எங்கே நிற்பாள் என்று யோசிக்க ஒரு ஆள் இல்லையா என்றுதான் கேட்கிறேன்.

சுற்றுலா வளர்ச்சி என்று பேச்சு வரும்போதெல்லாம் எந்த ஊரிலும் முதலில் முளைப்பது ஒரு அலங்கார வளைவு, அடுத்து ஊர்ப் பெயரைப் பெரிய பெரிய எழுத்தில் நிறுத்திப் போட்டோ எடுக்க ஒரு இடம், அடுத்து கார் நிறுத்தக் கட்டணம். பெண்கள் கழிப்பறையும் உடை மாற்றும் அறையும் 'இரண்டாம் கட்டப் பணி'. அந்த இரண்டாம் கட்டத்தை நான் இதுவரை எங்கேயும் பார்த்ததில்லை. அப்படியே கட்டியிருந்தாலும் பூட்டு தொங்கும். சாவி யாரிடம் என்று கேட்டால் அவர் சாப்பிடப் போயிருப்பார்.

எல்லை விஷயமும் எங்களுக்குப் புதிதில்லை. 1960இல் திருத்தணி அந்தப் பக்கம் போய், சத்தியவேடு இந்தப் பக்கம் வந்தபோது என் தாத்தா பாட்டி காலம். ம.பொ.சி. போராட்டத்தைப் பற்றி வீட்டில் பேசிக் கேட்டே வளர்ந்தோம். கோடு எந்தப் பக்கம் விழுந்தாலும் கோட்டின் மேல் இருக்கிறவனுக்கு இரண்டு பக்கமும் 'அந்தப் பக்கம்'தான். குண்டாலா ஊர்க்காரர்களுக்கு இதை எங்களைவிட நன்றாகத் தெரியும், ஐந்து கிலோமீட்டரில் இருக்கிற பத்ராசலம் அவர்களுக்கு இப்போது வெளி மாநிலம். சரி, அது பெரிய கதை. நான் கேட்க வந்தது தட்டி.

பத்ராசலத்திலேயே ஒரு அதிகாரியின் கதை இருக்கிறது. கஞ்சர்ல கோபண்ணா, பால்வஞ்சா தாசில்தார். வசூலித்த அரசாங்க வரிப்பணத்தை எடுத்து ராமருக்குக் கோயில் கட்டிவிட்டு, கோல்கொண்டா சிறையில் பன்னிரண்டு வருஷம் கிடந்தார் என்று சொல்வார்கள். பக்த ராமதாசு என்று இன்றைக்கும் அவரைத்தான் பாடுகிறோம். அய்யா, அம்மா, உங்களை அந்த அளவுக்குப் போகச் சொல்லவில்லை. கஜானாவைத் தொட வேண்டாம், சிறைக்கும் போக வேண்டாம். பஞ்சாயத்து நிதியில் மூங்கில் வாங்க ஒரு கையெழுத்து போதும்.

கோபம் வந்து இடையில் ஏதாவது கூடுதலாகச் சொல்லியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். தயவுசெய்து இதைச் செய்து கொடுங்கள்: ஊற்றுக்குப் பக்கத்தில், மணல் மேட்டில், ஆள் உயரத்துக்கு மேல் தட்டி அடைத்த இரண்டு மறைப்பு. மேலே திறந்திருந்தால் கரை மேட்டிலிருந்து பார்க்கலாம் என்பதால் கூரையும் வேண்டும். உள்ளே துணி போட ஒரு கொடிக்கயிறு. உள்பக்கம் தாழ்ப்பாள், வெளிப்பக்கம் பூட்டு வேண்டாம். முக்கோட்டி நெரிசல் இருக்கும் நாட்களில் ஒரு பெண் காவலர் கரையில் நின்றால் செல்போன் வேலையும் அடங்கும். இரண்டு மாநிலத்தில் எந்த மாநிலம் செய்தாலும் எங்களுக்குச் சம்மதம். பாதிப் பாதி போட்டுச் செய்தாலும் சரி.

முடியாது என்றால் அதையாவது சொல்லிவிடுங்கள். மூங்கிலும் ஓலையும் நாங்களே வேனில் ஏற்றிக்கொண்டு வருகிறோம். நட்டால் ஆக்கிரமிப்பு என்று பிடுங்கமாட்டோம் என்று ஒரு வரி எழுதிக் கொடுத்தால் போதும். அடுத்த முக்கோட்டிக்கு வேன் பேசுவதற்குள் பதில் வந்தால் பெரியம்மாவுக்கும் சேர்த்து இடம் பிடிப்பேன். பதில் தெலுங்கிலேயே இருக்கட்டும், படித்துக்கொள்வோம்.

இப்படிக்கு,
நகரி தறி வீட்டுப் பெண்கள் சார்பில்,
அன்றைக்குப் புடவையின் இன்னொரு மூலையைப் பிடித்திருந்தவள்