கிர்ஸ்டன்பாஷ் தோட்டத்தாருக்கு ஒரு நன்றி மடல்

அன்பார்ந்த வழிகாட்டிகளுக்கும் நாற்றங்கால் பணியாளர்களுக்கும்,

தென்னாப்பிரிக்க மண்ணின் செடிகளுக்காகவே 1913-ல் கேப் டவுனில் தொடங்கிய இந்தத் தோட்டத்தை, செடி செடியாக நின்று விளக்கிக் காட்டினீர்கள். அதற்கு எங்கள் மனமார்ந்த நன்றி.

காலையிலேயே வரச் சொன்னீர்கள். தோட்டம் மேசை மலையின் கிழக்குச் சரிவில் இருப்பதால் பிற்பகலில் வெயில் சீக்கிரம் மலைக்குப் பின்னால் போய்விடுகிறது. ஆகஸ்ட், செப்டம்பரில் பாத்தி பாத்தியாகப் பூக்கும், வடமேற்குத் தென்னாப்பிரிக்காவின் நமக்குவாலாந்து பகுதி டெய்சிகள் வெயில் ஏறினால்தான் விரியும், மேகம் மூடினால் குவிந்துவிடும். அவை சூரியனை நோக்கியே நிற்பதால், வெயில் நம் முதுகில் விழும்படி நின்றால் பூ முகம் தெரியும். இதைச் சொல்லாமல் விட்டிருந்தால் பாதிப் பேர் பூவின் பின்புறத்தைத்தான் படம் எடுத்திருப்போம்.

நாற்றங்காலில் புகை பற்றிச் சொல்லித் தந்தவர்களுக்குத் தனி நன்றி. ஃபைன்போஸ் எனப்படும் கேப் பகுதிப் புதர்க்காட்டில் பல விதைகள் தீக்குப் பிறகுதான் முளைக்கும். அதில் புகைக்கும் பங்கு உண்டு என்று 1990-ல் தென்னாப்பிரிக்க ஆய்வாளர்கள் காட்டினார்கள். டிரம்மில் இலைதழையை எரித்து, குழாய் வழியே விதைத்தட்டுகள் அடுக்கிய கூடாரத்துக்குள் புகையைச் செலுத்த வேண்டும். குழாய் நீளமாக இருக்கட்டும், புகை ஆறி வரட்டும் என்றீர்கள். சூடாக வந்தால் விதை வெந்துவிடும். புகை போட்ட கையோடு தண்ணீரைக் கொட்டினால் படிந்த சத்தெல்லாம் கழுவிக்கொண்டு போகும். வீட்டில் செய்பவர்களுக்குப் புகை ஏற்றிய தாள் போதும்: 50 மில்லி தண்ணீரில் தாளையும் விதையையும் 24 மணி நேரம் ஊறவைத்து உடனே விதைக்கலாம். விதையின் பருமன் அளவுக்குத்தான் மேலே மணல். ஈரம் மிஞ்சினால் நாற்றழுகல் வரும்.

புரோட்டியா என்ற தென்னாப்பிரிக்கப் பூச்செடியை வளர்ப்பவர்கள் அடிக்கடி செய்யும் தவறையும் திருத்தினீர்கள். அது வாடினால் உரம் போடத் தோன்றும், ஆனால் அந்த உரமே கொல்லும். மணிச்சத்து (பாஸ்பரஸ்) அரிதான மண்ணில் பழகிய வேர், கிடைத்ததையெல்லாம் உறிஞ்சும், நிறுத்தத் தெரியாது. இலை நுனி கருகும், பிறகு மஞ்சளாகும். எனவே மணிச்சத்து மிகுந்த எலும்புத்தூள் கூடவே கூடாது. வேர் மேலாக ஓடுவதால் அடியில் கொத்தவும் கூடாது, மூடாக்கு போட்டால் போதும்.

பனை போலத் தோன்றும் சைக்காட் மரங்கள் முன்னால் நீண்ட நேரம் நின்றோம். அவற்றில் வுட்ஸ் சைக்காட் என்ற இனம் 1895-ல் தென்னாப்பிரிக்காவின் இங்கோயே காட்டில் கண்டெடுக்கப்பட்டது. ஒரே ஒரு ஆண் தூர். பெண் மரம் இதுவரை கிடைக்கவில்லை. உலகில் இப்போது உள்ளவை எல்லாம் அந்தத் தூரின் பக்கக்கன்றுகளிலிருந்து வந்தவையே. கன்று திருட்டுக்குப் பயந்துதான் இதற்குக் கம்பிக்கூண்டு. நெருங்கிய இனமான நட்டால் சைக்காட் பெண்ணோடு மகரந்தம் சேர்த்து, பிறக்கும் பெண்ணை மறுபடி மறுபடி வுட்ஸ் ஆணோடு சேர்த்தால் தலைமுறைகளில் அசலை நெருங்கலாம் என்று விளக்கினீர்கள். காய்க்கவே பல ஆண்டுகள் ஆகும் மரம் இது. அந்தப் பொறுமைக்குத் தலை வணங்குகிறோம்.

கடைசியாக, எரிக்கா வெர்டிசிலாட்டா என்ற பூப்புதரின் நுனிக்குச்சிகளை வேரூன்ற வைக்கும் கைகளுக்கு நன்றி. கேப் டவுனை ஒட்டிய கேப் சமவெளியில் அற்றுப்போன செடி. 1984-ல் பிரிட்டோரியாவில் ஒரு பூங்காவில் தப்பி நின்றது தெரியவந்தது. இப்போது கேப் டவுனின் ரொண்டெவ்லே இயற்கைக் காப்பகத்தில் பழைய ஈர மணலிலேயே மீண்டும் பூக்கிறது. அங்கே போக வழியும் சொல்லி அனுப்பினீர்கள். மிக்க நன்றி.

அன்புடன்,
தோட்டம் காண வந்த தமிழ்ச் செடி ஆர்வலர்கள்