வாசலில் இறங்கும் பெட்டிகளில் என்ன இருக்கிறது?

ஆசிரியருக்கு வணக்கம்.

தூத்துக்குடியில் மின்சாரக் கார் செய்யும் வின்பாஸ்ட் ஆலையைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம், "வியட்நாம் கம்பெனிதானே, லாபம் அங்கேதானே போகும்" என்கிறார்கள். அம்பத்தூரில் இருபது வருடம் லேத் பட்டறை நடத்தியவன் நான். முதலாளி எந்த நாட்டுக்காரர் என்பது எனக்கு இரண்டாவது கேள்விதான். இருங்காட்டுக்கோட்டையில் 1998-இல் ஹூண்டாய் கார் செய்ய ஆரம்பித்தபோது கம்பெனி முழுக்கக் கொரியாவின் கையில்தான் இருந்தது. ஆனாலும் அதைச் சுற்றி எத்தனை உதிரிபாகத் தொழிற்சாலைகள் வந்தன! அவர்களிடமிருந்து ஜாப் ஒர்க் வாங்கித்தான் எங்களைப் போன்றவர்கள் பிழைத்தோம்.

மின்சாரக் காரில்தான் எனக்குப் பயம். அதில் எஞ்சின் கிடையாது, கிளட்ச் கிடையாது, சைலன்ஸர் கிடையாது. என் பட்டறையில் கடைந்ததில் பாதிக்கு மேல் கியர்பாக்ஸுக்குப் போகும் புஷ்ஷும் ஷாஃப்டும்தான். அந்த வேலை இனி இல்லை. காரின் செலவில் மூன்றில் ஒரு பங்கு வரை பேட்டரிக்கே போகிறது; அதற்குள் மின்சாரத்தைச் சேமிக்கும் செல்லோ பெரும்பாலும் சீனாவிலிருந்து கப்பலில் வருகிறது.

சீனாவையே பாருங்கள். 1994 முதல் வெளிநாட்டுக் கார் கம்பெனிகளுக்கு அங்கே போடும் ஆலையில் பாதிப் பங்குக்கு மேல் கிடையாது என்று வைத்திருந்தார்கள். மின்சாரக் காருக்கு அதை 2018-இல் எடுத்துவிட்டார்கள். டெஸ்லா 2019-இல் ஷாங்காயில் முழுக்கத் தன் சொந்த ஆலையைக் கட்டியது. அதனால் சீனா ஒன்றும் கெட்டுப்போகவில்லை. கொஞ்ச காலத்திலேயே அந்த ஆலையின் பாகங்களில் ஏறக்குறைய எல்லாமே உள்ளூரில் வாங்கியவை ஆகிவிட்டன. சீனாவின் பெரிய மின்சாரக் கார் கம்பெனியான பிஒய்டியும் முதலில் பேட்டரி செய்த கம்பெனிதான். 2003-இல்தான் காருக்கு வந்தது. பேட்டரியைக் கையில் வைத்திருந்ததால் அவர்களுக்குத் தைரியம் இருந்தது.

மின்சாரக் கார் ஆலை போடுபவர்களுக்கான மத்திய அரசின் 2024 சலுகைத் திட்டத்தில், உள்நாட்டு மதிப்பு, அதாவது காரின் மதிப்பில் இங்கேயே உருவாகும் பங்கு, மூன்று வருடத்தில் 25 சதவீதம், ஐந்து வருடத்தில் 50 சதவீதம் என்று நிபந்தனை இருக்கிறது. சரி, நல்லதுதான். ஆனால் அந்த ஐம்பது எதனால் நிரம்பும்? சீட், கண்ணாடி, டயர் என்றே நிரப்பிவிட்டால் நாங்கள் புதிதாக எதையும் கற்றுக்கொள்ளப் போவதில்லை. இடமும் சலுகையும் கொடுக்கும் மாநில அரசு, பேட்டரி, மோட்டார் வேலையில் எவ்வளவு இங்கே நடக்கும் என்பதை எழுத்தில் வாங்கி, எல்லோரும் பார்க்கும்படி வெளியிட வேண்டும்.

உங்கள் நிருபர் அடுத்த முறை தூத்துக்குடி போனால், எத்தனை பேருக்கு வேலை என்பதோடு, வாசலில் இறங்கும் பெட்டிகளில் என்ன இருக்கிறது என்றும் கேட்டு எழுதச் சொல்லுங்கள்.

அன்புடன்,
ஒரு வாசகர்,
அம்பத்தூர்