அரையாண்டு நிறைவும் மதிப்பீட்டு முகாமும்: பெற்றோருக்குத் தலைமையாசிரியர் மடல்

அன்புள்ள பெற்றோர்களுக்கும் பாதுகாவலர்களுக்கும்,

வணக்கம். அரையாண்டுத் தேர்வு நல்லபடியாக முடிந்து விடைத்தாள்கள் மாணவர்களிடம் கொடுக்கப்பட்டுவிட்டன. மழை விடுமுறைகளால் தள்ளிப்போன பாடங்களைச் சனிக்கிழமை வகுப்புகள் வைத்து ஓரளவு ஈடுகட்டியிருக்கிறோம். குறுவட்ட விளையாட்டுப் போட்டியில் நம் கபடி அணியினர் சிறப்பாக ஆடினர். அறிவியல் கண்காட்சியிலும் ஓவியப் போட்டியிலும் பலர் பரிசு பெற்றனர். பத்தாம் வகுப்புக்கு மாலை வகுப்புகள் தொடர்கின்றன. அனைவருக்கும் பாராட்டுகள்.

இனி, இம்மடலை எழுதத் தூண்டிய செய்திக்கு வருகிறேன். கடந்த மாதம் பதினொரு மாணவர்களின் பெற்றோருக்கு, கல்வித்துறையின் வட்டார வள மையத்தில் நடைபெறும் மருத்துவ மதிப்பீட்டு முகாமுக்குப் பிள்ளையை அழைத்து வருமாறு கடிதம் கொடுத்தனுப்பினோம். வந்தவர்கள் மூவர். மற்ற எட்டுக் கடிதங்களில் ஒன்று நான்காம் வகுப்பு அறைக்குப் பின்னால் தேங்கிய மழைநீரில் கப்பலாக மிதந்தது. இன்னொன்றில் அப்பாவின் கையொப்பம் இருக்க வேண்டிய இடத்தில் அண்ணன் கையொப்பமிட்டிருந்தான், அதுவும் அப்பாவின் பெயரை எழுத்துப் பிழையோடு எழுதி. பிள்ளைகளின் குறும்பை மன்னித்துவிடலாம். ஆனால் கடிதத்தைப் படித்துப் பார்த்த பிறகும், "எங்கள் பிள்ளைக்கு ஒன்றுமில்லை" என்று திருப்பியனுப்பிய பெற்றோர் சிலரும் இருக்கிறார்கள். அவர்களை நினைத்தே இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

அந்தக் கடிதம் உங்கள் பிள்ளைக்குக் குறைபாடு இருப்பதாகச் சொல்லவில்லை. அப்படிச் சொல்லும் தகுதி ஆசிரியருக்கு இல்லை, எனக்கும் இல்லை. வகுப்பில் நாள்தோறும் பார்ப்பதை வைத்து, அரசின் நலம் நாடி செயலியில் உள்ள வினாக்களுக்கு ஆசிரியர் விடை பதிவு செய்கிறார். எழுத்தைக் கூட்டிப் படிப்பதில் நெடுநாளாகத் தடுமாற்றம், பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாமை, பேச்சில் தெளிவின்மை, ஓரிடத்தில் அமர இயலாமை போன்றவை தென்பட்டால், மருத்துவர் ஒருமுறை பார்த்துவிடட்டும் என்பதுதான் அதன் பொருள். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் குறிப்பிடும் 21 வகைக் குறைபாடுகளில், அறிவிருந்தும் வாசிப்போ எழுத்தோ கணக்கோ கைவராத கற்றல் குறைபாடும் ஒன்று. அதை இயன்றவரை முன்கூட்டியே கண்டறிய வேண்டிய கடமையை அச்சட்டம் பள்ளிகள்மீது வைத்திருப்பதால், பார்த்தும் பாராமல் இருக்க எங்களால் முடியாது.

முகாமில் என்ன நடக்கும் என்று தெரியாததால்தான் பலர் தயங்குகிறார்கள் என்று நினைக்கிறேன். கண், காது, எலும்பு, மனநலம் எனத் துறைவாரியாக மருத்துவர்கள் அமர்ந்திருப்பார்கள். பிள்ளைக்கு ஊசி இல்லை, மயக்க மருந்து இல்லை. பல நேரங்களில் விடை மிக எளிதாக இருக்கும். சில ஆண்டுகளுக்கு முன் இங்கு படித்த ஒரு சிறுமி கரும்பலகையைப் பார்த்து எழுதாமல் எப்போதும் பக்கத்துப் பிள்ளையின் நோட்டையே பார்த்து எழுதினாள். வீட்டில் அதற்கு அடியும் வாங்கினாள். கிட்டப்பார்வைதான் காரணம் என்று தெரிந்தது. கண்ணொளி காப்போம் திட்டத்தில் விலையில்லாக் கண்ணாடி கிடைத்தது, அத்தோடு பிரச்சினை தீர்ந்தது. பட்ட அடிகளுக்குத்தான் பதில் இல்லை.

கற்றல் குறைபாடு என்ற ஐயம் எழுந்தால் வேலை ஒரே நாளில் முடியாது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பார்வையும் செவித்திறனும் சரியாக உள்ளனவா என முதலில் உறுதி செய்துகொண்டு, பிறகு உளவியலாளர் அறிவுத்திறன் சோதனையும், பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவ நிறுவனம் உருவாக்கிய வாசிப்பு, எழுத்து, கணக்குச் சோதனைகளும் செய்வார். எட்டு வயதுக்குக் கீழ் இதற்குச் சான்றிதழ் தருவதில்லை. இத்தனை சோதனைகள் இருப்பதால் முகாமிலிருந்து கடலூர் மஞ்சக்குப்பம் அரசு தலைமை மருத்துவமனைக்கோ, சிதம்பரத்தில் உள்ள மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ இரண்டு மூன்று முறை போய்வர நேரலாம். நாள் கூலியை விட்டுவிட்டுப் பேருந்தில் போய்க் காத்திருப்பது எத்தகைய சிரமம் என்பதை நான் அறிவேன்.

அப்படிப் போய்வந்த ஒரு தாயைப் பற்றி, அவரது இசைவுடன் எழுதுகிறேன். முதுநகர் துறைமுகத்தில் மீன் ஏலம் எடுத்து விற்பவர் அவர். எத்தனை கூடை, என்ன விலை, யாருக்கு எவ்வளவு பாக்கி என்று அவருக்குக் கணக்குச் சொன்னது ஆறாம் வகுப்பு படித்த அவர் மகன்தான். அதே மகன் கணக்குத் தேர்வில் வெற்றுத்தாள் கொடுப்பான், ஏனெனில் வினாவை அவனால் வாசிக்க முடியவில்லை. புள்ளி வைத்த எழுத்துக்கும் வைக்காத எழுத்துக்கும் அவனுக்கு வேறுபாடு பிடிபடவில்லை. சோம்பேறி என்று அவனைத் திட்டியவர்களில் நானும் ஒருவன். மதிப்பீட்டுக்குப் பின், இத்தகைய பிள்ளைகளுக்குக் கற்பிக்கப் பயிற்சி பெற்ற சிறப்பாசிரியர் தனியே உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தார்; பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் கூடுதல் நேரமும், சொல்வதை எழுதுபவரும் கிடைத்தன. தேர்ச்சி பெற்றுச் சென்றான்.

இங்கே சற்றுக் கண்டிப்பாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. பொதுத்தேர்வுக்கு இரண்டு மாதம் இருக்கையில் சான்றிதழ் வாங்கித் தருமாறு என் அறைக்கு வந்து நிற்பதில் பயனில்லை. சலுகைக்கான விண்ணப்பம் மருத்துவச் சான்றோடு முன்கூட்டியே தேர்வுத்துறைக்குச் சென்றாக வேண்டும். அதை என்னால் மாற்ற இயலாது. மதிப்பீட்டுக்கு வர மறுத்துவிட்டு, அதே பிள்ளையை மூன்றாவது டியூஷனில் சேர்ப்பதும், மதிப்பெண்ணுக்காக அடிப்பதும் முறையல்ல. வல்லாரை லேகியம் கொடுப்பதில் எனக்கு மறுப்பில்லை, நானும் சிறுவயதில் சாப்பிட்டவன்தான். ஆனால் காது எவ்வளவு கேட்கிறது என்பதை லேகியம் அளந்து சொல்லாது. மேலும், முகாமுக்குச் சென்ற ஒரு பிள்ளையின் அருகில் தம் பிள்ளையை உட்கார வைக்க வேண்டாம் என்று ஒரு பெற்றோர் கேட்டிருக்கிறார். அந்தக் கோரிக்கை ஏற்கப்படவில்லை. இனி யார் கேட்டாலும் ஏற்கப்படாது.

மாற்றுச் சான்றிதழ் கொடுத்து அனுப்பிவிடுவார்களோ என்ற அச்சமும் சிலருக்கு உள்ளது. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி, தொடக்கக் கல்வி, அதாவது எட்டாம் வகுப்பு, முடியும்வரை எந்தக் குழந்தையையும் பள்ளியிலிருந்து நீக்க முடியாது. அந்தச் சட்டம் இல்லாவிட்டாலும் நான் செய்யமாட்டேன். பெண் பிள்ளை, நாளை நாலு பேர் பேசுவார்களே என்று ஒரு தந்தை என்னிடம் தயங்கிச் சொன்னார். அவர் கவலையை நான் எளிதாக எண்ணவில்லை. மதிப்பீட்டு அறிக்கை உங்களிடமும், என் அலமாரியிலும், சிறப்பாசிரியரிடமும் மட்டுமே இருக்கும். வகுப்பில் அது வாசிக்கப்படாது.

பொங்கல் விடுமுறைக்குப் பின் மீண்டும் ஒரு முகாம் நடைபெறவுள்ளது. தேதியைச் சிறப்பாசிரியரே உங்களைத் தொலைபேசியில் அழைத்துச் சொல்வார். கடிதக் கப்பல்களை இனி நம்புவதாக இல்லை. பிள்ளையின் ஆதார் நகல், குடும்ப அட்டை நகல், பாஸ்போர்ட் அளவுப் புகைப்படங்கள், பழைய மருத்துவச் சீட்டுகள் இருந்தால் அவை, இவற்றோடு வந்தால் போதும். தனியே வரத் தயங்குவோர் காலை ஒன்பது மணிக்குப் பள்ளிக்கு வந்துவிட்டால், ஆசிரியர் ஒருவர் உடன் வருவார். பிள்ளைக்கு அன்று வருகைப்பதிவும் உண்டு. அதற்கு முன் தனியே பேச விரும்புவோர் எந்த நாளும் மாலை நான்கரை மணிக்குமேல் என்னைச் சந்திக்கலாம்.

சென்ற முறை வந்திருந்த மூன்று குடும்பங்களுக்கும், குறிப்பாக இரவுப்பணி முடித்து உறங்காமல் நேரே முகாமுக்கு வந்த தந்தைக்கும், பேரனைத் தோளில் சாய்த்தபடி பிற்பகல் வரை பொறுமையாகக் காத்திருந்த பாட்டிக்கும் பள்ளியின் சார்பில் என் மனமார்ந்த நன்றி. மற்ற எட்டுக் குடும்பங்களுக்கும் என் நன்றியை முன்கூட்டியே தெரிவித்துக்கொள்கிறேன். அனைவருக்கும் பொங்கல் வாழ்த்துகள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்
கடலூர்